அம்மாவின் ஜபமாலை இருக்கிறது, மந்திரம் தெரியாது

பேரளத்துப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் அம்மா தவறிவிட்டார். பேரளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 43.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா காலை நாலரைக்கு எழுந்து குளித்து, காமாட்சி விளக்கு ஏற்றி, ஒரு பலகையில் உட்கார்ந்துவிடுவார். சிவப்புத் துணிப்பையில் ஸ்படிக மாலை. கை பைக்குள் இருக்கும். உதடு அசையும், சத்தம் வராது. அந்த நேரத்தில் பால்காரர் வந்தாலும் நாங்கள் யாரும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. மாயவரத்தில் ஒரு வயதான அம்மாளிடம் உபதேசம் வாங்கினார் என்பது வரைக்கும் தெரியும். அந்த அம்மாளும் இப்போது இல்லை. "என்னம்மா சொல்றே?" என்று சின்ன வயதில் ஒரு தடவை கேட்டேன். "அது எனக்கும் அவளுக்கும்" என்றார். அதோடு சரி.

கருமாதி முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பதினொரு நோட்டுகள் கிடைத்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, பக்கத்தில் ஓர் எண். பெரும்பாலும் 3. வெள்ளிக்கிழமைகளில் 5. காய்ச்சலில் படுத்த நாட்களில் 1. எத்தனை மாலை ஜபம் என்ற கணக்கு அது. என் மகள் பிறந்த தேதியைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு 0 போட்டு, பக்கத்தில் "பேத்தி" என்று எழுதியிருக்கிறார். பதினொரு நோட்டிலும் இருக்கிற ஒரே சொல் அதுதான்.

துணியை அடுக்காக விரித்து (லே போட்டு) கணக்குப் பார்க்கிற பழக்கம், இதையும் கணக்குப் போட்டேன். ஒரு மாலைக்கு 108 மணி, ஒரு நாளைக்கு 3 மாலை என்றால் 324. வருஷத்துக்கு 1,18,260. முப்பது வருஷத்துக்கு 35 லட்சத்துக்கு மேல். அத்தனை தடவை சொன்ன அந்த மந்திரம் வீட்டில் எங்கேயும் எழுதி இல்லை.

இதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அம்மா கும்பிட்டது திருமீயச்சூர் லலிதாம்பிகையை. அதனால் இது லலிதா மந்திரமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, ஒரு வீடியோவில் சொன்ன பதினைந்து எழுத்து மந்திரத்தை எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். 48 நாளில் நினைத்தது நடக்கும் என்று அதில் சொன்னார்கள். ஒன்பது நாள் செய்தேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது. தப்பாகச் சொல்கிறேனோ என்ற பயம் வேறு.

என் கேள்விகள்: இதைத் தொடரலாமா, நிறுத்தினால் தோஷமா? அம்மாவின் மாலையை நான் தொட்டு உருட்டலாமா? இன்னொன்று, கண்ணை மூடினால் எனக்கு அம்பாள் வரவில்லை. கட்டிங் டேபிள் வருகிறது, மார்க்கர் வருகிறது, நாளைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு வருகிறது. என்னைப் போன்றவனுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

ஸ்ரீரங்கத்துக்காரன்:

வீடியோவில் எடுத்த மந்திரத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் ஒரு தோஷமும் கிடையாது. முறைப்படி வாங்காத ஒன்றை விட்டால் எதை விட்டதாக ஆகும்?

நீங்கள் சொல்வது பஞ்சதசி. ஐந்து, ஆறு, நான்கு எழுத்துகளாக மூன்று கூடங்கள், அதாவது மூன்று பகுதிகள், மொத்தம் பதினைந்து. அம்பாள் மேல் பாடிய ஸௌந்தர்ய லஹரியின் 32ஆவது சுலோகத்தில் இந்த எழுத்துகள் வருகின்றன, ஆனால் அப்படியே வராது. சிவன், சக்தி, காமன், பூமி, சூரியன், சந்திரன் என்று குறிப்புச் சொற்களாக மறைத்துத்தான் வைத்திருக்கிறது. தெரிந்தவர் வாயால் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பீஜாட்சரத்தில், அதாவது மந்திரத்தின் வித்தெழுத்தில், ஒரு மெய்யெழுத்து எந்த இடத்திலிருந்து எழும்ப வேண்டும் என்பதை ஏட்டில் காட்ட முடியாது. அதிலும் தமிழ் எழுத்தில் க ஒன்றுதான். நாலு ககரத்தில் அது எது என்று யாராவது எதிரே உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

மாலையைப் பொறுத்தவரை, ஒருவர் ஜபித்த மாலையை இன்னொருவர் உருட்டும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பத்திரமாக எடுத்து வையுங்கள். குருவே சீடனுக்குத் தன் மாலையைக் கொடுத்தால் அது வேறு. உங்கள் விஷயத்தில் என்ன செய்யலாம் என்பதை, நாளை உங்களுக்கு உபதேசம் செய்கிறவர் சொல்லட்டும்.

தலைத்திவசம் (முதல் வருஷத் திதி) ஆகும்வரை தீட்சை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூர் பாட்டு டீச்சர்:

தம்பி, நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்தேன். "பேத்தி" என்ற இடத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. இன்றைக்கு விடிந்து என் ஜபத்தை முடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு 69 வயது. பாட்டு சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. 29 வயதில் உபதேசம் ஆனது. நாற்பது வருஷத்தில் நான் எதையும் சாதித்துவிடவில்லை, ஆனால் உட்காருவதை விட்டதில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் தூக்கத்தைப் பற்றி. மந்திர தோஷம் என்று மிரண்டுபோகாதீர்கள். பெற்றவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துக்கத்திலும் தூக்கம் போகும். பயத்தோடு செய்த ஜபத்திலும் போகும். இரண்டும் சேர்ந்திருக்கிறது. மந்திரத்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். 48 நாள் கெடு வைத்து அம்பாளைப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. முப்பது வருஷம் உங்கள் அம்மா தேதி போட்டாரே, எந்தத் தேதியிலாவது "இது கிடைத்தது" என்று எழுதினாரா?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உபதேசம் ஆன மறுவருஷம், நாற்பது நாளில் ஒரு லட்சம் முடிப்பது என்று நானாகச் சங்கல்பம் செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. தினம் 24 மாலை. காலையில் வகுப்பு, வீட்டுச் சமையல், நடுவில் கிடைத்த இடத்தில் எல்லாம் மாலையை உருட்டினேன். நாலாம் நாளே எழுத்துகளை விழுங்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் நாள் நெற்றிப்பொட்டில் வலி. ஒரு சின்னப் பெண், ஸ்வரம் தப்பியதற்கு, அவள் அழுகிற அளவுக்குக் கத்திவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் என் குருவம்மாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. "எங்கே, சொல்லு" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, "புதுசா சேர்ற குழந்தைக்கு சரளி வரிசையை எடுத்த எடுப்பில் மூணாம் காலத்திலயா சொல்லிக்கொடுக்கறே?" என்று கேட்டார். அவ்வளவுதான். மாலையை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் ஒரே ஒரு நாமத்தை வாய்விட்டு, முதல் காலத்தில், அதாவது நிதானமான வேகத்தில், தினம் 108 தடவை மட்டும் சொல்லச் சொன்னார்.

உங்களுக்கும் அதையே சொல்லத் தோன்றுகிறது.

ஜபத்தில் மூன்று வகை சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு, உங்கள் அம்மா செய்தது. மனசுக்குள்ளேயே நடப்பது மானசம். உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு என்று மனு சொல்கிறார். இந்த ஆயிரத்தைக் கேட்டதும் எல்லோரும் நேராக மானசத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். பத்து நிமிஷத்தில் தலை சாய்ந்துவிடும். நானே அப்படித் தூங்கி விழுந்திருக்கிறேன். வாய் சொல்ல, காது கேட்க, அப்போதுதான் மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. சொல்கிற சத்தம் நாளாக ஆகத் தானே தணியும். ஒரு நாள் உதட்டோடு நின்றுவிடும். அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் அம்மாவும் உதட்டசைவில் தொடங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பார்த்தது அவர் பல வருஷம் கடந்து வந்து சேர்ந்த இடம்.

எந்த நாமம் என்றால், இதுதான் நான் எழுத வந்த விஷயம். லலிதா ஸஹஸ்ரநாமம் எந்த நாமத்தில் ஆரம்பிக்கிறது தெரியுமா? ஸ்ரீமாதா. ஆயிரம் பெயர்கள் சொல்லப்போகிறவர்கள், மகாராணி என்றும் சிம்மாசனத்தில் இருப்பவள் என்றும் அடுத்தடுத்துச் சொல்லப்போகிறவர்கள், முதலில் அம்மா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறார்கள். ஆயிரமாவது நாமம் லலிதாம்பிகா. அம்பிகா என்றாலும் அம்மாதான். ஹயக்ரீவர் அகத்தியருக்குச் சொன்னதாக வரும் இந்த ஸ்தோத்திரத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பாஸ்கரராயர் உரை எழுதினார். அவர் இருந்த பாஸ்கரராஜபுரம் உங்கள் பக்கத்து மண்தான், திருவாலங்காட்டுக்கு எதிரே காவிரியின் வடகரையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய அம்பாள் வழிபாட்டு வித்தையை அந்தப் பெரியவர்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லின் வழியாகத்தான் உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

"ஓம் ஸ்ரீமாத்ரே நமஹ." இதற்கு உபதேசம் வேண்டாம், யாரும் சொல்லலாம். துக்க வருஷத்திலும் நாமம் சொல்லத் தடை இல்லை. அம்மா உட்கார்ந்த நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் வேறு நேரம், ஆனால் தினமும் அதே நேரம். அம்மா உட்கார்ந்த பலகை இருந்தால் அதைத் திருப்பூருக்கு எடுத்துப்போங்கள். பலகைக்கு எந்த விதியும் குறுக்கே வராது.

இப்போது கட்டிங் டேபிள். வரட்டும் தம்பி. உங்களுக்குச் சோறு போடுகிற மேஜை அது, வராமல் எங்கே போகும்? அதைத் துரத்தப் போனால் துரத்துவதே வேலையாகிவிடும். நடுவில் எங்கேயோ போய்விட்டோம் என்று தெரிந்தவுடன் அடுத்த நாமத்தைச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து திரும்ப ஆரம்பிக்காதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும். நான் அப்படித் திரும்பத் திரும்ப ஆரம்பித்து, ஒரு மாலை முடிக்க ஒரு மணி நேரம் ஆக்கி, உட்காரவே வெறுத்துப்போன காலம் உண்டு.

அம்பாளின் முழு உருவத்தைக் கொண்டுவரவும் பாடுபடாதீர்கள். தியான சுலோகத்தில் செந்தூரச் சிவப்பு மேனி, முக்கண், மாணிக்க முடியில் நிலாப்பிறை, சிரித்த முகம், ஒரு கையில் ரத்தினக் கிண்ணம், ஒரு கையில் செந்தாமரை என்று எல்லாம் இருக்கிறது. படிக்க அழகு. ஆரம்பத்தில் இத்தனையும் ஒன்றாக நிற்காது. திருமீயச்சூரில் அவளுக்குக் கொலுசு சாத்துவது உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கொலுசை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கப் பழகினால் பாதம் தெரியும். எனக்கு நாற்பது வருஷத்தில் பாதம் வரைக்கும்தான் தெளிவாக வந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கமலாம்பாள் காலை மடக்கி யோகத்தில் உட்கார்ந்திருப்பவள். அவள் மேல் முத்துஸ்வாமி தீட்சிதர் பாடிய நவாவரணக் கிருதிகளை, ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணத்துக்கு (சுற்றுக்கு) ஒன்றாக, நவராத்திரியில் நாளுக்கு ஒன்று என்று என் பிள்ளைகளைப் பாட வைப்பேன். முதல் நாள் ஆனந்தபைரவி, ஒன்பதாம் நாள் ஆஹிரி. அதுகளுக்கு வித்தையும் தெரியாது, வடமொழி இலக்கணமும் தெரியாது. ஆனால் ஆஹிரி பாடும்போது கூடம் அடங்கிப்போகும். அர்த்தம் பின்னால் வருகிறவர்களுக்கு வரட்டும். நீங்கள் குரலைக் கொடுங்கள்.

மாலையைப் பற்றி ஸ்ரீரங்கத்துக்காரர் சொன்னது சரி. இப்போதைக்கு விரலில் எண்ணுங்கள்.

மாயூரத்தான்:

டீச்சரம்மா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வடமொழி உச்சரிப்பு தப்புமோ என்ற பயம் உங்களுக்குப் போகவில்லை என்றால், தமிழிலேயே அம்மனை ஜபிக்க வழி இருக்கிறது. அதுவும் உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே. திருக்கடையூர் பட்டர் பாடிய அபிராமி அந்தாதியில் பத்தாவது பாட்டு: "நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நினைப்பது உன்னை." அதே பாட்டில் அம்பிகையை "எழுதாமறையின் ஒன்றும் அரும்பொருளே" என்கிறார். எழுதி வைக்காத மறை. உங்கள் அம்மா பதினொரு நோட்டில் எண்ணை மட்டும் எழுதி, சொல்லை எழுதாமல் விட்டதைப் படித்தபோது எனக்கு இந்த வரிதான் வந்தது.

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். உழவு நேரத்தில் உட்கார்ந்து ஜபம் செய்ய முடியாது. அந்த நாலு அடியைத்தான் சால் சாலாகச் சொல்லிக்கொண்டு போவேன். அந்தாதி என்பதால் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டைக் கொடுத்துவிடும். நூறு பாட்டும் மனப்பாடம் ஆக எனக்கு இரண்டு போகம் ஆனது.

திருமந்திரத்தில் நான்காம் தந்திரம் பெரும்பாலும் சக்கரமும் சக்தியும்தான். ஆனால் அதைத் தனியாகப் படித்துச் செய்து பார்க்காதீர்கள், ஸ்ரீரங்கத்துக்காரர் சொன்ன அதே காரணம்.

நைட் டியூட்டி:

அண்ணா, நான் நர்ஸ். மாற்றி மாற்றி ஷிப்ட் வருவதால் "தினமும் அதே நேரம்" என்பது எனக்கு நடக்காது. உங்கள் கம்பெனியிலும் ஷிப்மெண்ட் நாட்களில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் நேரத்துக்குப் பதிலாக ஒரு செயலைப் பிடித்துக்கொண்டேன். டியூட்டி முடிந்து வந்து குளித்ததும் உட்காருவேன். அது காலை ஒன்பது மணியாக இருந்தாலும் சரி, ராத்திரி ஒன்பதாக இருந்தாலும் சரி. இரண்டு வருஷமாக நிற்கிறது.

விரலில் எண்ணுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வலது கையில் மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, அதன் அடிக்கணு. அப்புறம் சுண்டு விரலில் அடி, நடு, நுனி. மோதிர விரல் நுனி. நடுவிரலில் நுனி, நடு, அடி. கடைசியாக ஆள்காட்டி விரலின் அடிக்கணு. பத்து ஆயிற்று. அம்பாள் ஜபத்துக்கு ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுவையும் தொடாமல் விட்டுவிட வேண்டும், மாலையின் தலைமணியான மேருமணியைத் தாண்டாத மாதிரி. மற்ற தெய்வங்களுக்கு எண்ணுகிற வரிசை கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பத்துக்கும் இடது கையில் ஒரு கணு நகர்த்துங்கள். பத்துப் பத்து நூறு, மேலே ஒரு எட்டு. இரண்டு நாளில் கை தானாகப் போகும். ஐசியூவில் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டி வந்தால் என் கை இதைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இதைப் படிக்கிற பெண்களுக்காக இன்னொன்று. மாதவிலக்கு நாட்களில் பூஜையறைக்குப் போகாமல், மாலையைத் தொடாமல், மனசுக்குள் மட்டும் நாமம் சொல்லச் சொல்லி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், உங்கள் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாமத்தை மட்டும் விடாதீர்கள்.

பேரளத்துப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஸ்ரீமாதா என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவள்தான் வாங்கி மீதியைப் படித்தாள்.

ஒரு சந்தேகம். வாய்விட்டுச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒற்றை ரூம், பிள்ளை படித்துக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் சொல்லலாமா? இன்னொன்று, சொல்லும்போது அம்பாளை நினைக்கிறேனா, என் அம்மாவை நினைக்கிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை. அது தப்பில்லையா?

திருவாரூர் பாட்டு டீச்சர்:

பிள்ளை முன்னால் சொல்லுங்கள் தம்பி. நாமத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டியது மந்திரம்.

இரண்டாவது கேள்விக்கு நான் சாஸ்திரம் தேடிப் பதில் சொல்லவில்லை, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிரிக்காதீர்கள். பெற்றவளின் முகம் வந்தால் அதற்கே நமஸ்காரம் சொல்லுங்கள். எந்த முகம் எந்த நாளில் வரவேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். என் அம்மா போன வருஷம் எனக்கும் இப்படித்தான் ஆயிற்று. கொலுசு நினைக்க உட்கார்ந்தால் அம்மாவின் பித்தவெடிப்பு விழுந்த கால்தான் வரும். ஆறு மாதம் அந்தக் காலையே நினைத்து ஜபம் செய்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட மனசு வேறெங்கும் போகவில்லை.

பேரளத்துப் பையன்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஆவணியில் நாலு நாள் ஊருக்குப் போயிருந்தோம்.

பலகை கிடைத்தது. அம்மா போனதற்கு அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா மாவு மில்லுக்குக் கொண்டுபோகும் டின்னை அதன் மேல் வைத்திருந்தார். கேட்டதும் துடைத்துக் கொடுத்தார். திருமீயச்சூர் போனேன், வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். தலைத்திவசம் வரைக்கும் உள்ளே போக வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார், மீற மனசில்லை. அங்கே அம்மாவோடு சேர்ந்து வெள்ளிக்கிழமை ஸஹஸ்ரநாமம் சொல்கிற இரண்டு பெண்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் அம்மாவும் ஒரே நாளில், ஒரே இடத்தில் உபதேசம் வாங்கியவர்களாம். எனக்கு அது தெரியவே தெரியாது. மந்திரம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "திவசம் முடிஞ்சு தை பொறக்கட்டும், வா. யார்கிட்ட வாங்கணும்னு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாலையைக் காட்டினேன். கையில் வாங்காமல் பார்த்துவிட்டு, அதையும் அன்றைக்கு எடுத்து வரச் சொன்னார்.

தூக்கம் வந்துவிட்டது. வீடியோ மந்திரத்தை நிறுத்திய பத்தாவது நாளோ என்னவோ, குறித்து வைக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் 108. வாய்விட்டுத்தான். முதல் இரண்டு வாரம் கட்டிங் டேபிள் தினமும் வந்தது. இப்போதும் வருகிறது. ஆனால் அறுபது, எழுபதுக்கு மேல் சில நாள் ஒரு நாமத்துக்கும் அடுத்த நாமத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது. நாலைந்து நாமம் அப்படிப் போகும். "இப்போது நன்றாக இருக்கிறதே" என்று நினைத்தவுடன் போய்விடும். கொலுசு ஒரு தடவை தெரிந்தது. அது அம்மன் கொலுசா, மகளுக்குப் போன தீபாவளிக்கு எடுத்ததா என்று தெரியவில்லை. டீச்சரம்மா சொன்னபடி பிரித்துப் பார்க்கவில்லை.

நானும் நோட்டு போட்டிருக்கிறேன். தினமும் 1. அம்மாவின் கடைசி நோட்டில் பாதிக்கு மேல் வெறும் பக்கம் இருந்தது. அதிலேயே எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். அது அவர் நோட்டு.

இப்போது இன்னொரு கேள்வி. மாலையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது மேருமணிக்குப் பக்கத்தில் நூல் நைந்திருக்கிறது. இரண்டு மணிக்கு நடுவில் ஒரு இழைதான் நிற்கிறது. தைக்குள் அறுந்துவிடும். நானே கோர்க்கலாமா? எங்கள் கம்பெனியில் எல்லா நூலும் இருக்கிறது, பாலியெஸ்டர், காட்டன், ஸ்பன், எது உறுதி என்று எனக்குத் தெரியும். எந்த நூல் போட வேண்டும்?

திருவாரூர் பாட்டு டீச்சர்:

நீங்களே கோர்த்துவிடுங்கள் தம்பி. ஜபம் செய்யத்தான் யோசித்தோம், பழுது பார்க்கத் தடை இல்லை. உங்கள் கைக்குத் தெரிந்த வேலை.

சிவப்புப் பட்டு நூல். பாலியெஸ்டர் வேண்டாம், அது வழுக்கும், முடிச்சு நிற்காது. மூன்று இழை சேர்த்துத் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் முடிச்சு வர வேண்டும், அப்போதுதான் ஸ்படிகம் ஒன்றோடு ஒன்று உரசாது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, அம்மா பலகையில் உட்கார்ந்து செய்யுங்கள். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், மணி உருண்டு ஓடும். ஒவ்வொன்றையும் கோர்க்கும்போது அந்த நாமத்தையே சொல்லுங்கள். மேருவை விட்டு 108 இருக்கிறதா என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். பழைய நூலை எறிய வேண்டாம், மடித்துப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பேரளத்துப் பையன்:

எண்ணிவிட்டேன் அம்மா. 108 இருக்கிறது. நூல் சனிக்கிழமை வாங்கப்போகிறேன்.